பகலில் ஓடிய பாய்லர்

திரையின் கைப்பிடியை இரண்டாவது தடவை சுற்றப் போனபோதுதான் பெரியவனின் முழங்கால் குழாயில் பட்டது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். குழாய் கொதித்துக்கொண்டிருந்தது.

கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே நின்றான். வெள்ளரி நாற்றுக்கும் கூரைக் கண்ணாடிக்கும் நடுவில் கட்டியிருக்கும் துணித்திரை அது. ராத்திரி இழுத்து மூடினால் கண்ணாடிக் குடிலின் சூடு கூரைக்குப் போகாமல் நாற்றோடு தங்கும். காலையில் அதை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. மேலே தேங்கி நிற்கும் குளிர்காற்று தொப்பென்று நாற்றின் தலையில் இறங்கிவிடும். ஒரு சாண் திறந்து, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு சாண் திறக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தவன் தம்பி. தம்பி சொல்லிக் கொடுத்தது என்பதாலேயே அந்த ஒரு சாண் அவனுக்குத் தினமும் காலையில் கசந்தது.

முந்தின ராத்திரி அவ்வளவு குளிரும் இல்லை. திரை மூடியிருந்தால் பாய்லர் தானாக எரியவே வேண்டாத ராத்திரி. பிறகு குழாய் ஏன் சுடுகிறது? பெரியவன் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவில் வேகமாக நடந்து பாய்லர் அறைக் கதவைத் தள்ளினான். சத்தம் முகத்தில் வந்து மோதியது. சின்னக் கண்ணாடித் துளைக்குள் தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. 'தானாக' என்று எழுதிய பக்கம் இருக்க வேண்டிய திருகு, 'கையால்' என்று எழுதிய பக்கம் திரும்பியிருந்தது. அந்தத் திருகைத் தொடுகிறவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். ஒருவன் ராத்திரி முழுக்க மாடியில் படுத்துத் தூங்கினவன். அது பெரியவன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பு வந்தது. டீசலை மிச்சம் பிடிக்க வந்த மகராசன், தேவையே இல்லாத ராத்திரியில் பாய்லரைப் போட்டுவிட்டு மறந்து தூங்கியிருக்கிறான். இதையே பெரியவன் செய்திருந்தால் வீட்டில் என்ன பேச்சு பேசியிருப்பார்கள்? பெரியவன் திருகைத் தொடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சுற்றிக்கொண்டு வீட்டு வாசலை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினான். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவின் அறைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியிலேயே தயார் செய்துவிட்டான். 'ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஐயா பண்ணியிருக்கற வேலையைப் பாருங்கப்பா.' நல்ல வாக்கியம்தான்.

கதவைத் திறந்தபோது அவன் மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள். தம்பி கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் கை அவன் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது.

"மாமா போய்ட்டாருங்க," என்றாள் மனைவி. "இப்பதான். உங்களைக் கூப்பிட வரலாம்னு கிளம்பினேன்."

தயார் செய்த வாக்கியம் பெரியவனின் வாயில் சூடான கவளம் மாதிரி நின்றது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்பா போய்விட்டார் என்பது மனதில் இறங்குவதற்கு முன்னாலேயே அவர் கை யாருடைய கைக்குள் இருக்கிறது என்பது கண்ணில் பட்டுவிட்டது. இதுவும் அவனுக்குத்தான் கிடைத்ததா என்று ஒரு நினைப்பு வந்தது. பெரியவன் கெட்டவன் இல்லை. ஆனால் பொறாமை ஆள் பார்த்து வருவதில்லை, இழவு வீடு என்று வாசலில் நிற்பதும் இல்லை.

கட்டிலின் மறுபக்கம் போய் அப்பாவின் இன்னொரு கையை எடுத்தான். அது ஏற்கெனவே கொஞ்சம் குளிர்ந்திருந்தது. தம்பி பிடித்திருந்த கை சூடாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பாய்லருக்குக் காவல் இருந்தவன் அவன். சந்தையில் அவன் பெயரே 'பாய்லர்'தான். 'பாய்லர் வந்தாச்சா, நாத்து இறக்கலாமா' என்றுதான் கேட்பார்கள். குளிர்மாதம் வந்தால் அவனுடைய மடக்குக் கட்டில் பாய்லர் அறைக்கு இடம் மாறிவிடும். தீ அணைந்தால் ஒரே ராத்திரியில் நாற்றெல்லாம் போய்விடும் என்பதால் அப்பாவும் தூங்க மாட்டார், அவனையும் தூங்க விடமாட்டார். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட நாற்றுப்பெட்டிகளில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் பேசவும் முடியாது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அப்பா அவன் காதருகே குனிவார். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும், தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டதும், ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியூர் போகாததும் எல்லாம் அந்தப் பாய்லருக்காகத்தான். அது அவனுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. தம்பி வெளியூரில் படித்தான், வெளியூரிலேயே வேலை பார்த்தான், விடுமுறைக்கு வந்தால் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, 'அப்பா, சத்தம் காதைக் கிழிக்குது' என்று சொல்லிவிட்டுப் போவான். அப்போதெல்லாம் பெரியவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கும்.

அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்ததும் குடிலைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கண்ணாடி இடுக்குகளில் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தான். "நாம நாத்துக்கு சூடு வைக்கல அண்ணா, வானத்துக்கு வைக்கறோம்," என்றான். இடுக்குகளை அடைத்தான், வெளியே போகும் குழாய்களுக்குப் போர்வை சுற்றினான், திரையைக் கட்டினான், பாய்லருக்குத் தானாக எரிந்து தானாக அணையும் பெட்டியை மாட்டினான். அப்பா முதலில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குளிர்மாதம் முடிந்தபோது, டீசல் லாரி வருவது பாதியாகிவிட்டதைப் பார்த்து மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். வருகிறவர் போகிறவரை எல்லாம் குடிலுக்குள் இழுத்துப் போய் மேலே கையைக் காட்டி, "என் சின்னவன் வேலை" என்றார். இருபது வருஷமாக ஒரு ராத்திரிகூட தீ அணையாமல் பார்த்துக்கொண்டவனை அவர் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. அணையாத தீயைக் காட்ட என்ன இருக்கிறது?

பாய்லருக்குக் காவல் தேவையில்லை என்று ஆனதும் அப்பா தன் அறையில் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். பாய்லர் அறையில் டீ நின்றுபோயிற்று. பெரியவன் இன்னும் சில நாள் அங்கேயே படுத்துப் பார்த்தான். "அங்க என்னடா பண்ற, அதுதான் தானா எரியுதே," என்று அப்பாதான் கேட்டார். சுள்ளென்று வந்தது அவனுக்கு. அன்றைக்கே கட்டிலை மடக்கி மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். மிச்சமானது டீசல் என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்டிச் சுருக்கியது தன்னைத்தான் என்று அவனுக்குப் பட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? செலவு குறைந்ததற்கு வயிறு எரிகிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அப்பா படுக்கையில் விழுந்தபோதும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. ராத்திரி யார் பக்கத்தில் இருப்பது என்ற பேச்சு வந்ததும், "நான் இருக்கேன்," என்று தம்பி முந்திக்கொண்டான். "இருந்துக்கோ, எனக்குக் காலையில வேலை இருக்கு," என்று பெரியவன் மாடிக்குப் போய்விட்டான். தம்பி இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தான். அவன் கூப்பிடவில்லை.

வெயில் ஏறுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. அப்பாவை முன்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, வந்து இறங்கியதும் நேராகச் சின்னவனைத்தான் கட்டிக்கொண்டாள். பெரியவன் எட்டடி தூரத்தில், கட்டிக்கொள்ள வசதியாகத்தான், நின்றுகொண்டிருந்தான்.

"கடைசி காலத்துல எங்கண்ணன் நிம்மதியாத் தூங்கினாருன்னா அது உன்னாலதான்டா," என்று அத்தை அழுதாள். "ராத்திரி ராத்திரி கண்ணு முழிச்சே உடம்பைக் கெடுத்துக்கிட்டாரு. நீ வந்துதான் அதை நிறுத்துன."

அந்தக் கண்விழிப்பில் பாதி தன்னுடையது என்று யாராவது சொல்வார்களா என்று பெரியவன் சுற்றிப் பார்த்தான். அவன் மனைவி மட்டும் அவனைப் பார்த்தாள். பிறகு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று அத்தை கேட்டாள்.

பெரியவனின் காது நிமிர்ந்தது. காலையிலிருந்து அவன் கேட்க நினைத்ததும் இதுதான். கேட்டால் தம்பியிடம் கையேந்துவது போல ஆகிவிடும் என்றுதான் கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல அத்தை," என்றான் தம்பி. சொல்லும்போது அவன் கண் ஒரு நொடி அண்ணன் பக்கம் வந்துவிட்டு ஓடியது.

பொய் சொல்கிறான். பெரியவனுக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் டப்பாவிலிருந்து சர்க்கரையைத் தின்றுவிட்டு இல்லை என்று சொல்லும்போதும் இவன் கண் இப்படித்தான் ஓடும். அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொல்லியிருப்பார்? 'குடிலை நீ பாத்துக்கோ' என்றா? 'உன்னாலதான் தலை நிமிர்ந்தேன்' என்றா? அப்பாவின் கடைசி வார்த்தையையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டான். சரி, வைத்துக்கொள்ளட்டும். தன்னிடமும் ஒன்று இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. பெரியவன் அதை நினைத்துக்கொண்டபோது நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பக்கத்துக் குடில்காரர் ஒருவர் உண்டு. தக்காளி போடுகிறவர், எல்லோருக்கும் தக்காளிக்காரர். அப்பாவின் காலருகே போய்ப் பெரிதாக அழுதுவிட்டு வந்து பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை.

"பாய்லர், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"உங்க புகைபோக்கியில புகை வருது. கூரை ஜன்னலெல்லாம் தானாத் தொறந்துக்கிட்டு நிக்குது. இந்த வெயில்ல." குரலை இன்னும் தணித்தார். "ஒரு பக்கம் சூடு போட்டு, இன்னொரு பக்கம் வெளியில விட்டுட்டு... ஊரே குளிர் காயட்டும்னா? சாவு வீட்ல யாருக்கு ஞாபகம் இருக்கும், தப்பில்ல. நான் வேணா போய் நிறுத்திட்டு வந்துடட்டா?"

பயிர்க்காரர்கள் அப்படித்தான். சொந்தத் தகப்பனைக் கிடத்தியிருந்தாலும் பகலில் எரிகிற விளக்கை அணைத்துவிட்டுத்தான் அழ உட்காருவார்கள். தக்காளிக்காரர் எழுந்தே விட்டார்.

பெரியவன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இந்த நேரத்துக்காகத்தானே காத்திருந்தான். கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, "டேய்," என்று தம்பியைக் கூப்பிட்டான். "இவரு என்னமோ கேக்கறாரு பாரு. பாய்லர் ஏன் ஓடுதாம். நீ சொல்லு, அந்தக் கணக்கெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

பேச்சுகள் நின்றன. எல்லோரும் சின்னவனைப் பார்த்தார்கள். சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை. மாட்டிக்கொண்டான் என்று பெரியவன் நினைத்தான்.

"ஓடட்டும்ணே," என்றான் தம்பி, தக்காளிக்காரரிடம். "இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும்."

அவ்வளவுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். "அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கறான், அவனுக்கு டீசலாவது மண்ணாவது. ஒரு சொட்டு வீணாக்காத புள்ள, இப்படிச் சொல்றான்னா அவன் மனசு என்ன பாடு படுதோ." இரண்டு மூன்று பேர் எழுந்துபோய்ச் சின்னவனின் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். தக்காளிக்காரரும் மூக்கை உறிஞ்சினார்.

 ஆப்பசைத்த குரங்கின் கதை ஆகிவிட்டது பெரியவனுக்கு. தான் வெட்டிய குழியில் தம்பி விழவில்லை; அதன் மேல் பூ விரித்த மாதிரி நடந்து போய்விட்டான். இவன் டீசலை மிச்சம் பிடித்தாலும் புகழ்ச்சி, வீணாக்கினாலும் புகழ்ச்சி. இனி என்னதான் செய்வது?

மதியத்துக்குப் பிறகு அப்பாவைத் தூக்கினார்கள். முன்பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். பெரியவன் தம்பியைவிட அரை சாண் குட்டை. பாரம் முழுக்க அவன் பக்கமே சாய்ந்தது. பின்னால் வந்த யாரோ, "பெரியவரே, மாத்திக்கலாமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம்," என்றான். தோள் எலும்பு விண்விண் என்று தெறித்தது. மயானம் வரைக்கும் அந்த வலியை யாருக்கும் பங்கு கொடுக்காமல் கொண்டுபோனான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே சொத்து அதுதான்.

திரும்பி வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது மனைவி வந்து எதிரில் நின்றாள்.

"ஏங்க, அந்த பாய்லரை நிறுத்துங்களேன். உள்ள போய்ப் பாத்தேன். ஓரத்து நாத்தெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுடுச்சு."

"போட்டவன் நிறுத்துவான்."

"அவரு எங்க நிறுத்தறாரு? காலையில இருந்து ரெண்டு மூணு வாட்டி அந்தப் பக்கம் போறாரு, கதவைப் புடிச்சிட்டு நிக்கறாரு, திரும்பி வந்துடறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாத்து என்னங்க பாவம் பண்ணுச்சு? உங்களுக்கு யார் மேலதான் கோவம்?"

பெரியவன் எழுந்து ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டான். வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள். அத்தை மட்டும் இன்னும் சில நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். தம்பியைக் கூடத்தில் காணவில்லை.

பாய்லர் அறையில்தான் இருந்தான். கவிழ்த்த நாற்றுப்பெட்டி ஒன்றில், முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது அப்பா உட்காரும் பெட்டி. அதைப் பார்த்ததும் பெரியவனுக்குக் காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்ததும் நல்லதாகப் போயிற்று.

"என்னடா, இங்கயும் வந்து உக்காந்துட்டியா? இந்த ஒரு எடம்தான் எனக்கு மிச்சமிருந்துச்சு. எந்திரி. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே, இப்ப சொல்லு, குளிரே இல்லாத ராத்திரியில எதுக்கு இதைப் போட்ட? மறந்துட்டு இழுத்துப் போத்திட்டுத் தூங்கின. நான் அப்படித் தூங்கியிருந்தா அப்பா என்னை உசுரோட விட்டிருப்பாரா?"

தம்பி எழுந்திருக்கவில்லை. ஏதோ சொன்னான். கேட்கவில்லை.

"என்ன?"

"தூங்கலைன்னு சொன்னேன்." இப்போது அவனும் கத்தினான். "மறக்கவும் இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன்."

பெரியவன் மற்றப் பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தம்பி, அப்பா செய்வது போல, காதருகே குனிந்தான்.

"கொஞ்ச நாளாவே ராத்திரியில கேட்டுட்டிருந்தாரு. 'பெரியவன் எங்கடா, சத்தமே காணோம்'னு. தானா ஓடுதுப்பா, அண்ணன் தூங்கறான்னு சொல்லிச் சமாளிப்பேன். நேத்து விடல. அவருக்கு ஆளும் காலமும் கலங்கிப் போச்சு. பழைய குளிர்மாசம்னு நெனைச்சுட்டாரு. 'தீ அணைஞ்சு போச்சு, பெரியவன் இல்ல, பெரியவனைக் கூப்பிடு'ன்னு ஒரே பிடிவாதம். எந்திரிக்கப் பாத்தாரு. கட்டில்ல இருந்து காலைக் கீழ போட்டுட்டாரு."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"வந்தேன். பாதிப் படி ஏறினேன்."

தீ சீராக இரைந்துகொண்டிருந்தது. 

"ஏறிட்டு?"

"நின்னுட்டேன்." தம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ வந்துட்டா அவரு என் பக்கம் திரும்பவே மாட்டாருன்னு தோணுச்சு. இத்தனை ராத்திரி பக்கத்துல இருந்தது நான். தண்ணி குடுத்தது நான், துடைச்சு விட்டது நான். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, அவரு வாயில என் பேச்சு வரும்னு பாத்தேன் அண்ணா. கேட்டதெல்லாம் உன்னைத்தான். அதனால படியில இருந்து இறங்கி இங்க வந்து இதைப் போட்டேன். உனக்குப் பதிலா."

பெரியவனின் கண் திருகின் மேல் போயிற்று.

"சத்தம் கேட்டதும் அப்படியே அடங்கிட்டாரு. காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டாரு. நான் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன், அவரு செவுத்தைப் பாத்துட்டு இருக்காரு. விடியற வரைக்கும் செவுத்தைத்தான் பாத்துட்டு இருந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

தம்பி காலையில் அத்தையிடம் மறைத்ததை இப்போதும் மறைத்துவிடலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"'பெரியவன் வந்துட்டான், நீ போய்ப் படுத்துக்கோ'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசவே இல்ல."

"போனியா?"

"போகல."

முதலில் வந்தது ஆத்திரம்தான். மாடிப்படியில் பாதி தூரம். மிச்சப் பாதியையும் ஏறிக் கதவைத் தட்டியிருந்தால் அப்பாவின் கை தன் கையில் இருந்திருக்கும். இவன் எடுத்துக்கொண்டது டப்பாச் சர்க்கரை இல்லை. சட்டையைப் பிடித்து ஓர் அறை விட்டால் என்ன என்று பெரியவனின் கை நிஜமாகவே கொஞ்சம் உயர்ந்தது. ஆனால் தீ வெளிச்சத்தில் தம்பியின் முகம் தெரிந்தது. காலையிலிருந்து, காலை என்ன, இரண்டு மூன்று வருஷமாகவே, முகம் கழுவும்போது கண்ணாடியில் அவன் பார்த்து வந்த அதே முகம். அதே கோணல் வாய், அதே எரிச்சல். இதற்குப் போய்த்தானா இவ்வளவும் என்று இருந்தது. அப்பா தன்னைக் கேட்டார் என்ற சந்தோஷம் எங்கோ அடியில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க இப்போது வெட்கமாக இருந்தது.

உயர்ந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீயே நிறுத்திடு அண்ணா," என்றான் தம்பி. "நான் மூணு வாட்டி வந்துட்டேன். முடியல. நிறுத்தினா அவருக்குத் தெரிஞ்சு போயிடும்னு இருக்கு. கிறுக்குத்தனம்தான். ஆனா முடியல."

பெரியவன் எழுந்தான். திருகை, 'நிறுத்து' என்று எழுதிய நடுப்பக்கம் திருப்பினான். தீ ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு அணைந்தது. பம்ப் இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. சூடு இறங்கும் குழாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கின. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது.

திரையை மூடும் நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பெரியவன் மறுபடி பெட்டியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். இருபது வருஷத்தில் பாய்லர் ஓடாமல் அவன் இந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. ஓடாத பாய்லர் பக்கத்தில் அவனுக்கு என்ன வேலை? தம்பி வந்து அதை ஓயவைத்த கொஞ்ச நாளிலேயே கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

திடுக்கிட்டுத் திரும்பினான். யாரும் இல்லை, ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருந்தது. அந்தப் பக்கம் அப்பாவின் அறை. அத்தை அங்கே எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் தரையில் தேய்வது கேட்டது. கட்டிலின் ஒரு கால் கிறீச்சிட்டது. "இந்தப் போர்வையைத் துவைக்கப் போடவா, இல்ல இருக்கட்டுமா?" என்று அவள் யாரிடமோ மெதுவாக, சாவு வீட்டுக்கு உரிய குரலில் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

தம்பியும் கேட்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான்.

கட்டிலை மாடிக்குக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் 'பெரியவன் எங்கடா' என்ற குரலும் இப்படித்தான் கேட்டிருக்கும். பெரியவன் காதைச் சுவரோடு சேர்த்து வைத்தான். அத்தை போர்வையை ஒரு தடவை உதறினாள். முனையோடு முனை சேர்த்து மடிக்கும் சத்தமும், மடித்ததைத் தட்டிச் சமன் செய்யும் சத்தமும், அவள் அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தமும் வரிசையாகக் கேட்டன.